கொப்பியா, அட்டையா, வகுப்பா: ஆங்கிலச் சொல் பழக எந்த வழி?

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களில், இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆங்கிலச் சொற்களைப் பெருக்கிக்கொள்ள டியூஷனுக்குப் போவதா, கைபேசியில் செயலி ஒன்றை இறக்கிக்கொள்வதா, அல்லது அக்கா அண்ணன்மார் செய்ததுபோலக் கொப்பியில் எழுதிப் பாடமாக்குவதா என்பதே அது. பிள்ளைகள் மட்டுமல்லர், தோட்ட அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர், சுற்றுலா ஊரான எல்லவில் விருந்தினர் விடுதியில் வேலை பார்ப்பவர், வெளிநாட்டுத் தாதி வேலைக்காக ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறவர் என்று கேட்பவர்களின் நிலை ஒவ்வொன்றும் வேறு. மாலை நேரத்தில் இளைஞர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் இந்த வழிகளை எல்லாம் நானும் பரீட்சித்துப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் காசையும் விட்டிருக்கிறேன். எந்த வழி யாருக்கு, எதற்கு, என்ன விலையில் பொருந்தும் என்பதைச் சற்று விரிவாகவே எடைபோடுகிறேன்.

பழகப்போவது மூன்று வகைச் சரக்கு

வழியைத் தெரிவுசெய்வதற்கு முன்னர் சரக்கைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தனிச்சொல், ஃபிரேசல் வேர்ப், மரபுத்தொடர் ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்குவதால்தான் பலர் பாதிவழியில் களைத்துப்போகிறார்கள் என்பது என் கணிப்பு.

தனிச்சொற்களில் முதலிடம் அடிக்கடி வருகின்றவற்றுக்கே. மைக்கேல் வெஸ்ட் 1953 இல் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள் இருந்தன. இன்று ஒக்ஸ்ஃபர்ட் அகராதிக்காரர் தரும் 3000 சொற்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆரம்ப நிலை தொடங்கி இடைநிலைக்கு மேல் வரை அது படி பிரிக்கப்பட்டும் இருக்கிறது. இவற்றைத் தாண்டாதவர் அரிய சொற்களைத் தேடி அலைவது, வீட்டில் அரிசி இல்லாதபோது ஏலக்காய் வாங்குவதைப் போன்றது.

ஃபிரேசல் வேர்ப் என்பது ஒரு வினையோடு அப், ஓஃப், அவுட் போன்ற சிறுசொல் சேர்ந்து புதுப்பொருள் தருவது. இது ஏதோ ஆங்கிலத்துக்கே உரிய விசித்திரம் என்று நினைத்துப் பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் தமிழர் நாள் முழுவதும் செய்வதும் இதையேதான். ‘தள்ளு’, ‘போடு’ என்ற இரண்டையும் தனித்தனியே அறிந்த வெளிநாட்டவர் ஒருவருக்குக் கூட்டத்தைத் ‘தள்ளிப்போட்டார்கள்’ என்றால் விளங்காது. அங்கே யாரும் எதையும் தள்ளவுமில்லை, எங்கும் போடவுமில்லை. ‘விட்டுக்கொடு’ என்பதில் விடுவதையும் கொடுப்பதையும் கூட்டினால் கிடைக்கும் பொருள் வேறு, நாம் சொல்லும் பொருள் வேறு. ‘புட் ஓஃப்’, ‘கிவ் இன்’ இரண்டும் இதே சங்கதிதான். எண்ணிக்கையும் பயப்படும்படி இல்லை. டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் இருவரும் 2007 இல் பிரித்தானிய ஆங்கிலத்தின் பெருந்தொகுதி ஒன்றை ஆராய்ந்தபோது, அதில் வந்த ஃபிரேசல் வேர்ப் பயன்பாடுகளில் பாதியளவை வெறும் 100 தொடர்களே நிறைத்திருந்தன. சிக்கல் பொருளில் இருக்கிறது: ‘பிக் அப்’ என்பது கீழே கிடப்பதைத் தூக்குவது, பஸ் நிலையத்திலிருந்து ஒருவரை ஏற்றி வருவது, ஒரு மொழியைக் கேட்டே பழகிக்கொள்வது, வியாபாரம் சூடுபிடிப்பது ஆகிய எல்லாமும் ஆகும். கார்னியே, ஷ்மிட் ஆகிய இருவர் 2015 இல் 150 ஃபிரேசல் வேர்ப்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உண்மையில் அடிக்கடி வரும் பொருள்களை மட்டும் பிரித்துக் கொடுத்தது இதற்காகத்தான்.

மரபுத்தொடர் மூன்றாவது வகை. ‘கடன்காரன் கம்பி நீட்டிவிட்டான்’ என்று நாம் சொல்வோம். தமிழ் படித்த வெள்ளைக்காரர் ஒருவர் பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தில் ‘எழுதுவினைஞர் கம்பி நீட்டினார்’ என்று எழுதினால் வாசிப்பவர் சிரிப்பை அடக்க மாட்டார். ஆங்கில மரபுத்தொடரை இடம் தெரியாமல் நாம் தூவும்போது அந்தப் பக்கத்தில் நடப்பதும் அதுவே. ரோசமண்ட் மூன் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய நிலைத்த தொடர்களில் பெரும்பாலானவை பத்து இலட்சம் சொற்களுக்கு ஒருமுறைகூட வரவில்லை என்று காட்டினார். ஆகவே தனிச்சொல்லை விளங்கிக்கொள்ளவும் பயன்படுத்தவும் வேண்டும். ஃபிரேசல் வேர்பைக் காதால் பிடிக்கவும் வாயால் சொல்லவும் வேண்டும். மரபுத்தொடரைக் கேட்டால் விளங்கினாலே பெரும்பாலானோருக்குப் போதும்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், அந்த வழி நம்மை நினைவிலிருந்து எடுக்க வைக்கிறதா என்பது. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006 இல் வெளியிட்ட சோதனையில், பாடத்தைத் திரும்பவும் வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முன்னால் நின்றார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள். பரீட்சைக்கு முதல்நாள் இரவு கொப்பியைப் புரட்டும்போது ‘எல்லாம் தெரியும்’ என்று தோன்றுவதும், மண்டபத்தில் ஒன்றும் வராமல் போவதும் இதனால்தான்.

இரண்டாவது, இடைவெளி விட்டு மீட்டுகிறதா என்பது. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைப் பொருளாக்கிப் பொருளற்ற அசைகளைப் பாடமாக்கி, மறதி முதல் சில மணித்தியாலங்களிலேயே வேகமாக நடந்துவிடுகிறது என்று 1885 இலேயே எழுதிவிட்டார். மூன்றாவது, சொல் தன் வாக்கியத்தோடு வருகிறதா, தனியாக வருகிறதா என்பது. நான்காவது, ஒலி கிடைக்கிறதா என்பது. ‘டர்ன் இட் ஓஃப்’ என்பதில் அழுத்தம் கடைசிச் சொல்லில் விழ வேண்டும். எழுத்தில் மட்டும் கற்றவர் அதை முதற்சொல்லில் போட்டுவிடுவார்.

ஐந்தாவது முழுச் செலவு. வகுப்புக் கட்டணத்தைக் கேட்டுவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்கிறோம். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போய்வரும் பஸ் காசு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் ஓட்டோவுக்குக் கொடுப்பது, டேட்டாவுக்குப் போடும் ரீலோட், விடியற்காலையில் எழும் வீட்டில் இரவு விழித்திருக்கும் ஒரு மணித்தியாலம் ஆகியவை அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

சொற்கொப்பி

எல்லோரிடமும் இருப்பது இது. செலவு ஒரு கொப்பியும் ஒரு பேனையும்தான். கையால் எழுதும்போது எழுத்துக்கூட்டல் பதிகிறது, மின்சாரமோ சிக்னலோ தேவையில்லை, ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளவும் முடிகிறது.

மறைந்திருக்கும் செலவு, எழுதுவதையே படிப்பு என்று எண்ணிவிடுவது. என்னிடம் வந்த ஒரு தங்கையின் கொப்பியில் இரண்டு நிரல்களில் ஏறத்தாழ 900 சொற்கள் இருந்தன. முதல் இருபது பக்கங்களில் சிவப்புப் பேனையால் கோடு, அதற்கப்பால் அவசர எழுத்து, புரட்டிய அடையாளமே இல்லாத நடுப்பக்கங்கள். அதில் ‘புட் அப் வித்’ என்பதற்கு நேரே ‘பொறு’ என்று எழுதியிருந்தார். பொருள் பிழையென்று சொல்ல முடியாது. சகித்துப் பொறுத்துக்கொள்வதுதான் அது. ஆனால் நம் பேச்சில் ‘கொஞ்சம் பொறுங்க’ என்றால் காத்திருங்கள் என்றுதான் அர்த்தம். ஆகவே அவர் நேர்முகப் பரீட்சைக்கான ஒத்திகையில் ‘ப்ளீஸ் புட் அப் வித் ஃபைவ் மினிட்ஸ்’ என்றார். ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொன்னதாக அவர் நினைத்தார். கேட்பவருக்கோ ஐந்து நிமிடத் தொல்லையைச் சகித்துக்கொள்ளச் சொன்னதாக விளங்கும். ஒற்றைத் தமிழ்ச்சொல்லை நேரே எழுதுவதன் ஆபத்து இதைவிடத் தெளிவாக எனக்குத் தென்பட்டதில்லை.

கொப்பியே போதுமான இடமும் உண்டு. சாதாரண தரத்துக்குப் பாடநூலில் வரும் தனிச்சொற்களைப் பழகுகிறவர், வலப்பக்க நிரலைக் கையால் மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்து, தவறியவற்றுக்குப் புள்ளி வைத்து, மறுநாளும் மறுவாரமும் அந்தப் புள்ளிகளுக்கு மட்டும் திரும்புவாரானால், வேறு எதையும் தேட வேண்டியதில்லை. ஃபிரேசல் வேர்புக்குக் கொப்பியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அட்டைப் பெட்டியும் அங்கி செயலியும்

செபஸ்தியன் லைட்னர் 1972 இல் ஜெர்மன் மொழியில் விளக்கிய முறை எளிமையானது. ஒருபக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதிய அட்டைகள், அவற்றை வைக்க ஐந்து அறைகள் கொண்ட ஒரு பெட்டி. புது அட்டைகள் முதல் அறையில். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு நகரும், பிழைத்தால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னறைகளை மேலும் மேலும் நீண்ட இடைவெளியில் பார்த்தால் போதும். நினைவிலிருந்து எடுத்தல், இடைவெளி என்ற முதலிரண்டு அளவுகோல்களும் முறைக்குள்ளேயே அமைந்துவிடுவதால் படிப்பவரின் மனவுறுதியை அது அதிகம் நம்பியிருப்பதில்லை. பிஸ்கட் பெட்டி ஒன்றுக்குள் நான்கு தடுப்பு வைத்தால் சாமான் தயார்.

ஆனால் அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் இது நிற்கும் அல்லது விழும். முன்பக்கம் ‘புட் ஓஃப்’, பின்பக்கம் ‘தள்ளிப்போடு’ என்று எழுதினால் அது துண்டு துண்டாக வெட்டிய சொற்கொப்பிதான். நான் எழுதுவது இப்படி: முன்பக்கத்தில் தமிழில் ஒரு நிலைமை, ‘கூட்டம் இன்றைக்கு இல்லை, அதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போட்டுவிட்டார்கள்’, பின்பக்கத்தில் ‘தே’வ் புட் இட் ஓஃப் டில் ஃப்ரைடே’. (இங்கே தமிழெழுத்தில் தந்தாலும் அட்டையில் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும்.) ‘இட்’ நடுவில் வருவதைக் கவனியுங்கள். ‘புட் ஓஃப் த மீட்டிங்’ என்றும் சொல்லலாம், ‘புட் த மீட்டிங் ஓஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘இட்’, ‘தெம்’ போன்ற சிறு பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும், ‘புட் ஓஃப் இட்’ என்பது பிழை. ‘லுக் ஆஃப்டர்’ போன்றவை பிரியாதவை. அங்கே ‘லுக் ஆஃப்டர் ஹெர்’தான். இந்த விதியைப் பத்துத் தடவை வாசிப்பதைவிட, பின்பக்கத்தில் ‘இட்’ உள்ள இருபது வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்வது விரைவில் பதியும்.

டியூஷன் வகுப்பில் தரும் அச்சுத்தாள்களான டியூட்களில் காண்பதுபோலப் ‘புட்’ குடும்பம் முழுவதையும் ஒரே நாளில் அட்டையாக்கவும் வேண்டாம். ‘புட் ஓஃப்’, ‘புட் ஒன்’, ‘புட் அவுட்’ மூன்றும் ஒன்றாக வந்தால் எது அணிவது, எது அணைப்பது என்று தலை சுற்றும். ஒரே இனத்துச் சொற்களைச் சேர்த்துக் கற்பது குழப்பத்தைக் கூட்டுகிறது என்று 1990களில் நடந்த ஆய்வுகளும் காட்டின.

கடதாசி அட்டைக்கு மலையகத்தில் ஓர் எதிரி உண்டு. மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை பிடித்தால் சுவரே வியர்க்கும். கொப்பித் தாளில் வெட்டிய என் முதல் நூறு அட்டைகள் யூலை மாதத்தில் ஊதிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, ஜெல் பேனையால் எழுதியவை நீலக் கறையாயின. அதற்குப் பிறகு குமிழ்முனைப் பேனையும் கல்யாண அழைப்பிதழ் மட்டையும் மூடி இறுகும் டப்பாவும் என்று மாறிக்கொண்டேன்.

இதே முறையைக் கைபேசியில் செய்வது அங்கி. டேமியன் எல்ம்ஸ் 2006 இல் வெளியிட்ட மென்பொருள் அது. பெயர், பாடமாக்குதல் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல். கணினியிலும் அன்ட்ரொய்ட் கைபேசியிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. பெயர்ச் சாயலுள்ள வேறு செயலிகளும் கடையில் இருப்பதால் பார்த்து இறக்க வேண்டும். அன்ட்ரொய்டில் அதன் பெயர் அங்கிட்ரொய்ட். ஒருமுறை இறக்கிய அட்டைக்கட்டு இணையமில்லாமலும் ஓடும் என்பதும், ஒலிப்பதிவை அட்டையிலேயே சேர்க்கலாம் என்பதும் சிக்னல் எடுக்காத லயங்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பெரிய வசதி.

அதன் மறைமுகச் செலவு வட்டியைப் போல ஏறும். செயலி தானாக நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்று வைத்திருக்கிறது. முதல் வாரம் உற்சாகம். சில வாரங்களில் மீட்ட வேண்டியவை நாளுக்கு நூற்றைத் தாண்டும். தீபாவளிக்கு நான்கு நாள் விட்டால் திரும்பி வரும்போது குவிந்திருப்பதைப் பார்த்து ஆள் செயலியையே அழித்துவிடுவார். நாளுக்கு 5 என்று குறைத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் 1800க்கு மேல் வருகிறது. அதற்கு மேல் எந்தப் பரீட்சையும் அவசரப்படுத்தவில்லை. இன்னொரு சோம்பேறித்தனம், யாரோ செய்த ஆயிரக்கணக்கான அட்டைகளின் கட்டை அப்படியே இறக்கிக்கொள்வது. தான் கேட்ட, வாசித்த வாக்கியத்தைத் தானே எழுதிய அட்டைதான் பிடித்து நிற்கிறது.

வாசிப்பும் கேட்டலும்

நம் தாத்தா பாட்டிமார் எந்தப் பட்டியலும் கையில் இல்லாமல் ‘லைன்’ என்பதை லயமாக்கினார்கள், காலையில் வேலைக்கு ஆள் கூட்டிக் கணக்கெடுக்கும் ‘பரேட்’ என்பதைப் பிரட்டாக்கினார்கள். தினமும் விடியலில் காதில் விழுந்த சொல், தேவைப்பட்ட இடத்திலேயே விழுந்த சொல். வாசிப்பின் பலமும் அதுவே: சொல் தன் வாக்கியத்தோடும் அக்கம்பக்கத்தோடும் வந்து, மீண்டும் மீண்டும் வந்து, கேட்காமலே பதிகிறது. மூன்றாவது அளவுகோலில் இதற்கு இணை இல்லை.

எங்கே தொடங்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘தினம் ஆங்கிலப் பத்திரிகை வாசி’ என்பது எல்லா ஆசிரியரும் சொல்லும் அறிவுரை. சாதாரண தரம் முடித்த பிள்ளைக்கு அது பெரும்பாலும் தண்டனை. பத்திரிகையையோ நாவலையோ உதவியின்றி விளங்கிக்கொள்ள 8000 முதல் 9000 வரையான சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைப்பவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவைப்படும் என்று சொல்வள ஆய்வாளர் போல் நேஷன் 2006 இல் கணக்கிட்டார். அப்போதும் ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாததாகவே இருக்கும். அகராதியை வரிக்கு மூன்று தடவை திறப்பவர் ஒரு வாரத்தில் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார். படிநிலைக் கதைநூல்கள் இதற்காகவே இருக்கின்றன: ஒக்ஸ்ஃபர்ட் புக்வேர்ம்ஸ் வரிசையின் முதற்படி 400 தலைச்சொற்களில் எழுதப்பட்டது, ஆறாம்படி 2500. வயது வந்தவர் சின்னப் புத்தகத்தைக் கையில் எடுக்கக் கூசுவது இயல்பு. பஸ்ஸில் வேண்டாம், வீட்டில் வாசிக்கலாம்.

எதை வாசிக்கிறோமோ அந்தச் சரக்குத்தான் கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிரேசல் வேர்ப் பேச்சிலும் கதையிலும் மிகுதி, முறைசார்ந்த எழுத்தில் குறைவு. பாடசாலை நமக்குக் கொடுத்தது ‘போஸ்ட்போன்’, ‘எக்ஸ்டிங்குவிஷ்’, ‘டொலரேட்’. அதே பொருள்களுக்கு வருகிற விருந்தினர் சொல்வது ‘புட் ஓஃப்’, ‘புட் அவுட்’, ‘புட் அப் வித்’. கடினமான சொல் தெரிந்தவருக்கு எளிய பேச்சு விளங்காமல் போகும் வினோதம் இங்கிருந்துதான் வருகிறது. அதற்கு மருந்து கேட்டல். பி.பி.சி.யின் ஆங்கிலப் பாடங்களில் ஆறு நிமிட உரையாடல்களும், ஒரு தொடரை மட்டும் எடுத்து விளக்கும் குட்டி நிகழ்ச்சியும் எழுத்துவடிவத்துடன் இலவசமாகக் கிடைக்கின்றன. டவுனுக்கு வரும்போது இறக்கிக்கொண்டால் லயத்தில் இருந்து கேட்கலாம். கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ஒரு குறுக்குவழி: வர்ணனையில் காதில் விழும் ‘ஒன் த பேக் ஃபுட்’, ‘ஸ்டம்ப்ட்’ போன்றவை மைதானத்துக்கு வெளியேயும், தடுமாறி நிற்பதற்கும் விடை தெரியாமல் விழிப்பதற்கும் ஆங்கிலேயர் சொல்பவைதான்.

வாசிப்பின் மறைவான விலை காலம். மூன்று மாதத்தில் பரீட்சை என்றால் இது மட்டும் காப்பாற்றாது. வாசித்ததில் சிக்கிய ஐந்து வாக்கியங்களை அன்றிரவே அட்டையாக்கினால் இரண்டு வழிகளும் ஒன்றையொன்று தாங்கும்.

விளையாட்டுச் செயலிகள்

டுவோலிங்கோ போன்றவை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழக்கத்தை உண்டாக்குவதில் அவை கெட்டி. ஆரம்பநிலைக்காரருக்குத் தயக்கம் போகும், ஒலியும் கிடைக்கும். ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவது, நினைவிலிருந்து எடுப்பதைவிட எளிது. தொடர்நாட் கணக்கைக் காப்பாற்ற எளிய பாடத்தையே திரும்பச் செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இணையம் தேவை என்பதால் ரீலோட் செலவும் உண்டு. இடைநிலைக்கு வந்தவர் இதிலேயே தங்கியிருப்பது நேர விரயம்.

டியூஷன் வகுப்பு

நல்ல வகுப்புக்கு ஈடில்லாத ஒரு குணம் இருக்கிறது: பிழையை அந்த இடத்திலேயே பிடிக்க ஓர் ஆள் இருப்பார். ‘ப்ளீஸ் புட் அப் வித் ஃபைவ் மினிட்ஸ்’ என்றதை எந்தக் கொப்பியும் திருத்தியிருக்காது.

ஆனால் எண்பது பேர் நெருக்கி உட்காரும் மண்டபத்தில் அந்தக் குணம் போய்விடுகிறது. இளவயதில் நான் ஓராண்டு போன வகுப்பில், ஞாயிறுதோறும் ‘50 மரபுத்தொடர்கள்’ என்று ஒருபக்கம் அச்சிட்ட டியூட் ஒன்று தருவார்கள். மூன்று மணித்தியாலம் அதை வாசித்துத் தமிழ்ப் பொருள் சொல்வார்கள். ஒருவரும் வாய்திறந்து ஆங்கிலம் பேசியதில்லை. மழை பொத்துக்கொண்டு ஊற்றுவதற்குப் ‘பூனையும் நாயும்’ என்று எழுதி மதிப்பெண் பெற்ற எங்களில் யாருக்கும், இன்று ஆங்கிலேயர் வாயிலிருந்து அத்தொடர் அரிதாகவே வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. கட்டணத்தைவிட பஸ்ஸுக்குக் கொடுத்ததுதான் அதிகம். போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு முழு ஞாயிறு.

ஆகவே சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: ஒரு வகுப்பில் ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் பேசுவார்கள், போன வாரப் பாடத்தை இந்த வாரம் எப்படிச் சோதிப்பார்கள்? இரண்டுக்கும் நேரான பதில் வந்தால் காசைக் கொடுக்கலாம். பதினைந்து பேருக்குள் உள்ள வகுப்பு, சற்று விலை கூடினாலும், எண்பது பேர் வகுப்பைவிட மலிவு.

பேச்சுத் துணை

எல்லவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம், விருந்தினர் ‘வீ ஆர் செட்டிங் ஓஃப் அட் ஃபைவ்’ என்றார்களாம். நாம் ‘லைட்டை ஓஃப் பண்ணு’ என்று சொல்லிப் பழகியதில், ஓஃப் என்றதும் நிறுத்துவது என்றே அவருக்குப் பட்டது. விடியல் ஐந்து மணிக்கு வெளி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அவர் படுக்கப் போக, மலையேறப் புறப்பட்டவர்கள் இருட்டில் பொதிசெய்த காலை உணவைத் தேடியிருக்கிறார்கள். ‘செட் ஓஃப்’ என்றால் புறப்படுவது என்பது அவருக்கு இனி வாழ்நாளில் மறக்காது.

இப்படி அவமானப்பட்டுக் கற்காமல், முன்கூட்டியே ஒருவரோடு பேசிப் பழகுவதே இந்த வழி. இருவர் போதும். தினமும் ஒரு நிமிட வாட்ஸ்அப் குரல்செய்தி, அன்றைய அட்டைகளில் மூன்றையாவது பயன்படுத்தி. மற்றவர் அதைக் கேட்டு ஒரு கேள்வி கேட்டுப் பதில் அனுப்ப வேண்டும். டேட்டா மிகக் குறைவாகவே போகும், ஒலியும் கிடைக்கும், நாமே வாக்கியம் அமைத்துப் பேசும் பழக்கமும் கிடைக்கும். குரல்செய்தியை அனுப்புமுன் நாமே கேட்டு அழிக்கலாம் என்பதால் கூச்சக்காரருக்கு நேரடிப் பேச்சைவிட இது தோது.

இதன் பலவீனம், இருவருக்கும் ஒரே பிழை இருந்தால் அது இறுகிப்போவது. ‘ஓஃப் த லைட்’ என்று இருவருமே சொன்னால் யார் திருத்துவது? மாதம் ஒருமுறையாவது நன்கு தெரிந்த ஒருவரிடம் சில பதிவுகளைக் கேட்கக் கொடுக்க வேண்டும். பெண்பிள்ளைகள் முன்பின் தெரியாதவரை இணையத்தில் துணையாகப் பிடிப்பதற்குப் பதிலாகப் பாடசாலைத் தோழியையோ மச்சாளையோ பிடித்துக்கொள்வது நல்லது.

யாருக்கு எது

சாதாரண தரம் எழுதப்போகிறவருக்கு ஆங்கிலம் கட்டாயப் பாடம். பாடநூற் சொற்களுக்குக் கொப்பி, எழுதும் பயிற்சிக்கு ஆசிரியர், அதற்கு மேல் வாரம் ஒரு படிநிலைக் கதைநூல் கிடைத்தால் அதிர்ஷ்டம். உயர்தரத்துக்குப் பின்னர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழிமூலம் படிக்கவிருப்பவருக்குத் தனிச்சொல்தான் உயிர். அவெரில் கொக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. நாளுக்கு ஐந்தாக அங்கியில் ஏற்றினால் நான்கு மாதத்துக்குள் ஒரு சுற்று முடியும். மரபுத்தொடர்ப் பக்கமே அவர் போக வேண்டியதில்லை.

தோட்ட அலுவலகத்திலோ வங்கியிலோ வேலை செய்பவர் எழுதுவதற்குப் ‘போஸ்ட்போன்’ போன்றவற்றையே வைத்துக்கொண்டு, தொலைபேசியில் கேட்பதற்கு மட்டும் முதல் நூறு ஃபிரேசல் வேர்ப்களை அட்டையில் பழகலாம். விடுதியிலும் ஓட்டோவிலும் வெளிநாட்டவரோடு புழங்குகிறவருக்கு வகுப்பும் கொப்பியும் இரண்டாம்பட்சம். கேட்டலும் பேச்சுத் துணையும், ‘பிக் அப்’, ‘டிரொப் ஓஃப்’, ‘ரன் அவுட் ஒஃப்’, ‘செட் ஓஃப்’ என்று தொழிலில் புழங்கும் முப்பது நாற்பது வாக்கிய அட்டைகளுமே முதலில்.

ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதுகிறவர் நிலை சற்று வேறு. பேச்சுத் தேர்வில் மதிப்பிடும் நான்கு அம்சங்களில் ஒன்று சொல்வளம். உயர்ந்த புள்ளிக்கு மரபுத்தொடர்த் தன்மையுள்ள பேச்சும் கணக்கில் வருகிறது. அதற்காகப் பட்டியலைப் பாடமாக்கி ஒப்பிப்பவரைத் தேர்வாளர் ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வார். கேட்டலில் சிக்கிய பத்துத் தொடர்களை, எந்த இடத்தில் யார் யாரிடம் சொன்னார்கள் என்பதோடு அட்டையாக்கி, துணையோடு பேசி வாயில் பழகியபின் மட்டும் கொண்டுபோவது பாதுகாப்பு. இவருக்கு மட்டும், திருத்துவதற்காக, சிறிய வகுப்புக்குக் காசு செலவழிப்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

நாளுக்கு இருபது நிமிடமே மிஞ்சுகிறவர் பத்து நிமிடம் அட்டையும் எட்டு நிமிடம் கேட்டலும் இரண்டு நிமிடம் குரல்செய்தியுமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஏதாவதொன்றை விட வேண்டிய நாளில் கேட்டலை விடுங்கள், அட்டையை விட வேண்டாம், ஏனெனில் அதுதான் குவியும்.

ஏற்கெனவே கையில் இருக்கும் மரபுத்தொடர் டியூட்களையும் எறிய வேண்டியதில்லை. ஒருபக்கம் மட்டும் அச்சான தாளை நான்காக வெட்டி, அச்சு உள்ளே போகும்படி மடித்து ஒட்டினால், இரண்டு பக்கமும் வெள்ளையான, ஈரத்துக்கும் ஓரளவு தாங்கும் தடித்த அட்டை கிடைக்கும். என் பெட்டியில் இப்போது இருப்பவற்றில் பாதி அப்படிச் செய்தவைதான். ஒட்டு விட்டுப்போன சிலவற்றின் உள்ளே அந்தப் பூனையும் நாயும் இன்னும் தெரிகின்றன.